தகடு சுழலும் வேகத்திலேயே வாலும் ஆட வேண்டும்

வழக்கமாக ஜூன் 12-இல் மேட்டூர் திறக்கும். அந்தத் தண்ணீர் வாய்க்கால் வழியாக மன்னார்குடி, திருவாரூர் பக்கத்துக் குளங்களுக்கு வந்து சேரும்போது வண்டலும் கூடவே வரும். முழங்கை அளவு ஆழத்தில் கையை விட்டால் விரல் தெரியாது. இந்தக் கலங்கலில் விராலுக்குக் கண் அவ்வளவாக உதவாது. அதன் உடம்பின் இரு பக்கமும் ஓடும் பக்கக்கோட்டில் நுண்ணிய உணர்செல்கள் உண்டு. பக்கத்தில் நீர் அசைந்தால் அவை உணர்ந்துவிடும். தூண்டிலில் கட்டி இழுக்கும் சுழல் தகட்டுச் செயற்கை இரையான ஸ்பின்னர் வேலை செய்வது இதை நம்பித்தான்.

சின்ன ஸ்பின்னர் என்பது திறந்த ஊக்குபோல வளைந்த கம்பி. மேல் கையில் தகடு, கீழ்க் கையில் 2 முதல் 4 கிராம் ஈயத்தலை முள், முள்ளில் ரப்பர் மீன். வட்டத் தகடு அகலமாகச் சுழன்று நீரை அதிகம் தள்ளும், மெதுவாக இழுத்தாலே சுற்றும். இலை வடிவத் தகடு கம்பியை ஒட்டி வேகமாகச் சுழலும். அதில் மினுக்கு அதிகம், அதிர்வு குறைவு. கலங்கலுக்கு வட்டம், தை மாசி வாக்கில் தெளிந்த தண்ணீருக்கு இலை.

ரப்பரைத் தேர்ந்தெடுக்கும்போதுதான் பலர் தவறுகிறார்கள். கடையில் அழகாக இருக்கும் தடித்த துடுப்பு வால் மீனை வட்டத் தகட்டோடு மாட்டுவார்கள். அந்த வால் ஆட வேகம் வேண்டும். வட்டத் தகடோ மெதுவாக இழுக்கவே ஏற்றது. விளைவு, தகடு சுற்றும், பின்னால் ரப்பர் குச்சிபோல வரும். வட்டத் தகட்டுக்கு 4 முதல் 5 செ.மீ. நீளத்தில், மெல்லிய சுருள் வால் உள்ளது பொருந்தும். துடுப்பு வால்தான் வேண்டுமென்றால் வாலுக்கு முந்தின கழுத்து மெலிந்திருக்க வேண்டும். கரையோரம் ஒரு முழத் தூண்டில் நரம்பில் கட்டி இழுத்துப் பாருங்கள். தகடு சுற்றத் தொடங்கும் அதே வேகத்தில் வாலும் ஆடினால் எடுத்துக்கொள்ளலாம்.

ரப்பரின் உடல் தடிமன் முள்ளின் வாய் அகலத்தில், அதாவது முனைக்கும் தண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில், பாதியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மீன் கடிக்கும்போது ரப்பர் முள்முனையை மறைத்துக்கொள்ளும். கடி தெரியும், மீன் மாட்டாது.

கோப்பதற்கு முன் முள்ளை ரப்பரின் பக்கத்தில் வைத்து, வளைவு எங்கே வருகிறதோ அங்கே நகத்தால் குறியிடுங்கள். மூக்கின் நடுவில் குத்தி, உடலின் நடுவாகவே ஓட்டி, குறியில் முதுகுப்பக்கம் வெளியே எடுங்கள். ஒரு நூல் விலகினாலும் ரப்பர் வளைந்து நிற்கும், முழு அமைப்பும் கவிழ்ந்து சுழலும், நரம்பு முறுக்கேறிச் சிக்காகும். அப்படியானால் இழுத்து நேராக்க முயல வேண்டாம், கழற்றித் திரும்பக் கோத்துவிடுங்கள்.

நிறம் மூன்றாவது கணக்குதான். கலங்கலில் கறுப்பு அல்லது பளீர் மஞ்சள்பச்சை, தெளிவில் வெள்ளி. வெயிலில் வளைந்துபோன வாலை அரை நிமிடம் வெந்நீரில் போட்டு, நேராக்கிப் பச்சைத் தண்ணீரில் நனைத்தால் பழைய வடிவம் வந்துவிடும்.

ஆகாயத்தாமரை அடர்ந்த இடத்தில் ஸ்பின்னர் வேண்டாம். திறந்த முள் கொடியில் ஏறும். நூல்பாசி தகட்டின் வளையத்தில் சுற்றினால் சுழற்சி நின்றுபோகும். தூண்டில் தடியில் துடிப்பு நின்றதும் இழுத்துத் துடைத்துவிடுங்கள். சிவந்த குஞ்சுக் கூட்டம் நீர்மட்டத்தில் மொய்த்தால் அடியில் பெற்றோர் விரால் காவல் நிற்கும். எது வீசினாலும் பாயும், ஆனால் அதைப் பிடித்தால் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரையாகும். அந்த இடத்தை விட்டு எதிர்க்கரைக்குப் போய்விடுங்கள்.