நாசில் நின்ற பிறகு ஒரு சொட்டுகூட வேண்டாம்

போன சித்திரையில் அம்பாசமுத்திரத்தில் இருந்து ஒரு அண்ணாச்சி, பாளையங்கோட்டையில் இருக்கிற என் ஒர்க்‌ஷாப்புக்குக் காரைக் கொண்டுவந்தார். "மத்த நேரம் தொட்டதும் ஸ்டார்ட் ஆகுது தம்பி, பங்க்ல பெட்ரோல் போட்டுட்டு எடுத்தா மட்டும் இழுத்துக்கிட்டே கிடக்கு" என்றார். பெட்ரோல் வாடை வேறு. எப்படிப் போடுவீங்க என்று கேட்டேன். எப்போதும் ஃபுல் டேங்க்தானாம், டேங்க் நிறைந்து பங்க் நாசில் தானாக 'டக்' என்று நின்ற பிறகும் ரவுண்டாக ஒரு தொகை வரும்வரை விடச் சொல்வாராம். அதிலேயே பாதி தெரிந்துவிட்டது.

பெட்ரோல் வண்டியில் டேங்கில் இருந்து இன்ஜினுக்கு ஆவி போகிற வழியில் கறுப்பு டப்பா ஒன்று இருக்கும். கார்பன் கேனிஸ்டர் என்போம். உள்ளே ஆக்டிவேட்டட் கரி. நம்ம தேங்காய்ச் சிரட்டையில் இருந்தும் இந்த வகைக் கரி செய்கிறார்கள். அவ்வளவும் கண்ணுக்குத் தெரியாத துளை. நல்ல கரி என்றால் ஒரே ஒரு கிராமின் உட்பரப்பு 1000 சதுர மீட்டர் அளவுக்கு வரும், அதாவது 25 சென்ட் நிலம்.

வண்டி சும்மா நின்றாலும் பெட்ரோல் ஆவியாகிக்கொண்டேதான் இருக்கும், அதுவும் நம்ம ஊர் வெயிலில் கேட்கவே வேண்டாம். பழைய வண்டிகளில் அந்த ஆவி நேராகக் காற்றில் கலந்தது. அதில் பென்சீன் இருக்கிறது, புற்றுநோய் உண்டாக்கும். வெயிலில் மற்ற வண்டிப்புகையோடு சேர்ந்து ஓசோனாகி நுரையீரலையும் கெடுக்கும். இப்போது கரி அந்த ஆவியைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. இன்ஜின் சூடாகி ஓடும்போது, டப்பாவுக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருக்கிற பர்ஜ் வால்வு திறக்க, இன்ஜின் வெளிக்காற்றைக் கரி வழியாக உறிஞ்சி, ஆவியையும் சேர்த்து இழுத்து எரித்துவிடும். கரி மறுபடி காலி. கலிபோர்னியாவில் 1970 மாடல் கார்களுக்கே இது கட்டாயம். இங்கே பிஎஸ்-4 என்கிற அரசு வண்டிப்புகை விதி இருந்த காலத்திலேயே பைக், ஸ்கூட்டரிலும் வர ஆரம்பித்தது, 2020 ஏப்ரல் 1-இல் வந்த பிஎஸ்-6க்கு அப்புறமும் இருக்கிறது.

ஆவியைத்தான் கரி தாங்கும், பெட்ரோலையே தாங்காது. நாசில் நின்ற பிறகு டேங்கில் மிச்சம் இருக்கிற இடம் ஆவிக்கானது. அதையும் நிரப்பினால் பெட்ரோலே ஆவி போகிற டியூப் வழியாகக் கேனிஸ்டருக்குள் போய்விடும். அண்ணாச்சி காரில் கழற்றியபோதே டப்பா கை கனத்தது. பேப்பர் விரித்துத் தட்டினேன், பெட்ரோல் சொட்டோடு கரித்தூள் கொட்டியது. அந்தத் தூள் பர்ஜ் வால்வில் சிக்கி, வால்வு மூடாமலே நின்றிருக்கிறது. பெட்ரோல் போட்டதும் கிளம்புகிற ஆவியெல்லாம் இன்ஜினுக்குள் போனால் எப்படி ஸ்டார்ட் ஆகும்? இரண்டையும் மாற்றினோம், நல்ல செலவு.

இதைவிட என்னை வருத்துகிறது, மைலேஜ் கூடும் என்று சொல்லி பைக்கில் இந்த டப்பாவையே கழற்றி எறிகிற வழக்கம். மைலேஜ் ஒன்றும் கூடிவிடாது. இன்ஜினில் எரிய வேண்டிய உங்கள் பெட்ரோல்தான் காற்றோடு போகும். போன மாதம் மேலப்பாளையத்தில் இருந்து வந்த ஒரு தம்பியின் பைக்கில் அப்படித்தான் கழற்றிவிட்டு, டேங்க் டியூபைத் திறந்தபடியே தொங்கவிட்டிருந்தார்கள். ராத்திரி வண்டி எங்கே நிற்கும் என்று கேட்டேன். "வீட்டுக்குள்ள தார்சாவுலதாண்ணே, பக்கத்துலதான் பாப்பா தொட்டில்" என்றான். அன்றைக்கே கேனிஸ்டர் வாங்கிவரச் சொல்லி மாட்டி, டியூபுக்கு இரண்டு பக்கமும் கிளிப் போட்டுத்தான் வண்டியை வெளியே விட்டேன்.