அன்னாசி ஜெல்லி ஏன் கட்டியாகவில்லை?

வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "லெமன் சோடாவில் போட ஐஸ் ட்ரேயில் பழச்சாறு ஜெல்லிக் கட்டிகள் செய்தேன். ஆரஞ்சு அருமையாக வந்தது. அன்னாசி மட்டும் ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் இருந்தும் தண்ணீராகவே நிற்கிறது. இரண்டுக்கும் ஒரே பாக்கெட் ஜெலட்டின்தான். என்ன காரணம்?"

செய்முறை உங்களுக்குத் தெரிந்ததுதான். 100 மில்லி சாறுக்கு 4 கிராம் ஜெலட்டின் போதும். குளிர்ந்த சாறு கொஞ்சம் எடுத்துத் தூளை ஊறவிட்டு, மீதிச் சாறைச் சூடாக்கிச் சேர்த்துக் கலக்கி, ட்ரேயில் ஊற்றிக் குளிரவைக்க வேண்டும். அந்தக் குளிர்ச்சியில் உள்ளே நடப்பதுதான் எனக்கு அலுக்காத விஷயம்.

மாடு, பன்றி போன்றவற்றின் தோலிலும் எலும்பிலும் இருக்கும் கொலாஜன் என்ற புரதத்திலிருந்துதான் ஜெலட்டின் எடுக்கிறார்கள். கயிறு திரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். புரிகளை ஒரு பக்கமாக முறுக்கி, பிறகு அவற்றைச் சேர்த்து எதிர்ப்பக்கமாகத் திரிப்பார்கள். அதனால்தான் கயிறு பிரிவதில்லை. கொலாஜனும் அப்படியே: மூன்று புரதச் சங்கிலிகள் தனித்தனியே இடப்பக்கம் சுருண்டு, மூன்றும் சேர்ந்து வலப்பக்கம் முறுக்கிக்கொள்கின்றன.

இதைக் கண்டுபிடித்த இடம் சென்னை. 1952-ல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் பேராசிரியராக வந்த ஜி. என். ராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 1954-ல் மூன்று சங்கிலி அமைப்பை 'நேச்சர்' இதழில் முன்வைத்தார். எக்ஸ்ரே படம் எடுக்கக் கங்காரு வாலின் தசைநாண், பக்கத்திலிருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து கிடைத்தது. கொலாஜன் சங்கிலியின் கண்ணிகளான அமினோ அமிலங்களில் மூன்றில் ஒரு பங்கு கிளைசின் என்பது அவருக்குப் பெரிய துப்பு. அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியது அது. அதன் பக்கக்கிளையில் இருப்பது ஒரே ஒரு ஹைட்ரஜன் அணு. மூன்று சங்கிலிகளும் நெருங்கும் நடுப்பகுதியில் அதைவிடப் பெரிதாக எதற்கும் இடமில்லை. ஆகவே ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசினே இருந்தாக வேண்டும். மூன்றும் சேர்ந்து முறுக்கிக்கொள்ளும்படி 1955-ல் அந்த மாதிரியைத் திருத்தி வெளியிட்டார்கள். எனக்கு இதை எத்தனை முறை படித்தாலும் சிலிர்க்கும்.

அந்த ஆராய்ச்சியில் உடனடி லாபம் எதுவும் கண்ணுக்குத் தெரிந்திருக்காது. 'இதனால் என்ன பயன்?' என்று விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே கேட்டால், இப்படிப்பட்ட வேலை தொடங்கவே தொடங்காது. நம் மாநிலப் பல்கலைக்கழகங்களின் அடிப்படை அறிவியல் துறைகளுக்கு நிபந்தனை இல்லாத பணம் வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சரி, ட்ரேக்கு வருவோம். சூடான சாறில் சங்கிலிகள் பிரிந்து தனித்தனியாக அலைகின்றன. ஆறும்போது மறுபடி மூன்று மூன்றாக முறுக்கிக்கொள்ளப் பார்க்கின்றன. ஆனால் பழைய கூட்டாளிகள் எங்கேயோ போயிருப்பார்கள். ஒரு சங்கிலியின் தலைப்பகுதி பக்கத்திலிருக்கும் இரண்டோடு முறுக்கிக்கொள்ள, அதன் வால் வேறு இரண்டோடு சேர்ந்துகொள்கிறது. முழுக் கொலாஜனாக ஒருபோதும் திரும்புவதில்லை. அரைகுறை முறுக்குகளால் கோத்த ஒரு வலை உருவாகிறது. அவ்வளவு சாறையும் அந்த வலைதான் பிடித்து நிறுத்துகிறது. முப்பது, முப்பத்தைந்து டிகிரியில் முறுக்கு அவிழ்ந்துவிடும் என்பதால்தான் ஜெல்லி வாயில் கரைகிறது.

சூடாக்காத அன்னாசியில் புரோமெலைன் என்ற நொதி இருக்கிறது. அதன் வேலை புரதத்தை வெட்டுவது. வெட்டுப்பட்ட துண்டுகள் முறுக்கிக்கொள்ளப் போதாத அளவுக்குக் குட்டையாகிவிடும், வலை விழாது. மீதிச் சாறைச் சூடாக்கியிருந்தாலும், தூளை ஊறவைத்த சாறு பச்சையாகவே இருந்ததல்லவா? அது போதும். நொதியும் புரதமே என்பதால், சாறு முழுவதையும் சில நிமிடம் கொதிக்கவைத்தால் செயலிழந்துவிடும். ஆறிய பிறகு அதில் தூளை ஊறவையுங்கள். டின்னில் வரும் அன்னாசி ஏற்கெனவே சூடு கண்டது, அதில் பிரச்சினை இல்லை. பப்பாளி, கிவி, அத்தி, இஞ்சிச் சாறு எல்லாம் பச்சையாக இருந்தால் இதே கதைதான். ஆட்டுக்கறி வேகப் பப்பாளிக்காய் அரைத்துத் தடவுகிறோமே, அங்கே நடப்பதும் இந்த வெட்டு வேலைதான்.

சைவர்களுக்கு, ஜிகர்தண்டாவில் சேர்க்கும் கடற்பாசி இருக்கிறது. அது சர்க்கரை மூலக்கூறுகளின் சங்கிலி, புரோமெலைன் அதைத் தொடாது. ஏறக்குறைய 85 டிகிரி வரை உருகாது என்பதால் மே மாத வெயிலிலும் மேசைமேல் நிற்கும். புளிப்புச் சாறோடு கொதிக்கவிட்டால் வலுவிழக்கும். தண்ணீரில் காய்ச்சிக் கரைத்தபின் சாறு சேருங்கள்.

அப்புறம், ஃப்ரீசர். ஐஸ் உருகும்போது கிராமுக்கு 334 ஜூல் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. பானம் குளிர்வது அதனால்தான். ஃப்ரிட்ஜில் வைத்த ஜெல்லியில் உருக ஐஸ் இல்லை, அதனால் அது பெரிதாகக் குளிர்விக்காது. ஃப்ரீசரில் வைத்தால் குளிர்விக்கும், ஆனால் பனிப் படிகங்கள் வளர்ந்து வலையைக் கிழித்துவிடும். உருகியதும் நீர் கசிந்து பஞ்சு மாதிரி ஆகும். குளிர்ச்சிக்குச் சாதா ஐஸ் இரண்டு கட்டி, மெல்லுவதற்கு ஃப்ரிட்ஜ் ஜெல்லி நான்கு கட்டி என்று போடுங்கள்.