வெளிநாட்டுப் பவர் வந்தால் கவரைத் தூக்கிப் போடாதீர்கள்

வைகாசியில் ஒரு நாள் ஆச்சி ஒருவர் ஆபீசுக்கு வந்தார்கள். கொழுந்தனார் மகன் ஈப்போவில் இருக்கிறார். ஊரில் உள்ள பொது வீட்டில் அவருக்குள்ள பங்கை விற்க, ஆச்சி பெயருக்குப் பவர், அதாவது தன் சார்பில் கையெழுத்துப் போட அதிகாரம் தரும் பத்திரம், எழுதி அனுப்பியிருந்தார். பத்திரத்தில் ஒரு குறையும் இல்லை. கோலாலம்பூரில் இந்தியத் தூதரக அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட்டு, பக்கத்துக்குப் பக்கம் முத்திரை வாங்கியிருந்தார்.

"இது எப்ப வந்துச்சு ஆச்சி?"

"தை மாசமே வந்துருச்சு தம்பி. பீரோவுல பத்திரமா வச்சிருந்தேன்."

"வந்த கவர் இருக்கா?"

"கவர் எதுக்கு? அதை அன்னைக்கே கிழிச்சுப் போட்டாச்சே."

சிக்கல் அந்தக் கவரில்தான். வெளிநாட்டில் எழுதிய பத்திரம் இந்தியாவுக்குள் வந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். இது 1899-ஆம் ஆண்டு இந்திய முத்திரைச் சட்டத்தின் 18-ஆவது பிரிவு. நம் பக்கத்தில் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் 'அட்ஜுடிகேஷன்' வாங்குவது என்று சொல்வோமே, அதுதான். கணக்கு எழுதிய தேதியிலிருந்து இல்லை, வந்து சேர்ந்த தேதியிலிருந்து. வந்து சேர்ந்த தேதிக்குச் சாட்சி கூரியர் கவர். கவரும் போய், கெடுவும் போய்விட்டால் அபராதத்தோடு மல்லுக்கட்டுவதைவிடப் புதிதாக எழுதி வாங்குவதே மேல்.

ஆச்சியைக் குறை சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. தொழிலுக்கு வந்த நான்காவது வருடம், பினாங்கிலிருந்து வந்த ஒரு பவரை மேசை டிராயரிலேயே வைத்து நூறு நாளைக் கடத்தியவன் நான். கட்சிக்காரர் மறுபடியும் லீவு போட்டு, மறுபடியும் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். செலவை நான் கொடுக்கிறேன் என்றேன். வாங்கிக்கொள்ளவில்லை. ஆனால் அடுத்த வேலைக்கு வேறு வக்கீலைப் பார்த்துக்கொண்டார்.

பக்கத்து நாடுகள் நெருங்கி வருவதைப் பற்றிப் பேச்சு வந்தால், பாலம், கப்பல், சுங்கவரி என்றுதான் பேசுகிறார்கள். காரைக்குடியில் உட்கார்ந்து இத்தனை வருடமாகப் பத்திரமும் சிவில் கேஸுமாகப் புரட்டுகிறவனுக்கு வேறொன்று தோன்றுகிறது. ஒரு நாட்டில் எழுதிய தாளை இன்னொரு நாடு நம்புகிறதா, நம்புவதற்கு எத்தனை முத்திரை கேட்கிறது? 2024 பிப்ரவரியிலிருந்து இலங்கைக் கடைகளில் நம் யுபிஐ வேலை செய்கிறது. பணம் ஒரு நொடியில் கடல் தாண்டிவிடும். அந்தப் பணம் யாருடையது என்று காட்டும் காகிதம் தாண்டத்தான் வருடக்கணக்காகிறது.

நம் ஊர்க்காரர்கள் இதைப் புரிந்துகொள்ளத் திணறுவதற்குக் காரணம் இருக்கிறது. ஐயாக்கள் (தாத்தாக்கள்) காலத்தில் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன இடமெல்லாம் ஒரே கிரீடத்தின் கீழ் இருந்தது. 1937 ஏப்ரல் 1 வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். இந்திய ஒப்பந்தச் சட்டம்தான் ரங்கூனிலும். இலங்கையில் ரோமன்-டச்சுச் சட்டம், மலாயாவில் ஆங்கிலச் சட்டம் என்று வித்தியாசம் இருந்தாலும், கடைசி மேல்முறையீடு எல்லாருக்கும் லண்டன் பிரிவி கவுன்சில்.

அதில் ஒரு வழக்கை ஜூனியர்களிடம் அடிக்கடி சொல்வேன். இலங்கையில் தொழில் செய்த நாட்டுக்கோட்டை நகரத்தார் குடும்பம். அருணாசலம் செட்டியார் வழக்கு என்றே சட்டப் புத்தகங்களில் இருக்கிறது. மகன் 1934-இல் காலமானார், தந்தை 1938-இல். இலங்கை அரசு எஸ்டேட் டூட்டி, அதாவது இறந்தவர் விட்டுப்போன சொத்துக்கு வரி, கேட்டது. இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்துக்கு அங்கே விலக்கு இருந்தது. ஆனால் ஆண் பங்காளி ஒரே ஒருவர் மிஞ்சியிருந்த குடும்பத்தைக் கூட்டுக்குடும்பம் என்று சொல்லலாமா? வீட்டில் விதவைகள் இருந்தார்கள், அவர்கள் சுவீகாரம் எடுத்தால் புதுப் பங்காளி வந்துவிடுவார், ஆகவே அது கூட்டுக்குடும்பமே என்று 1957-இல் பிரிவி கவுன்சில் சொன்னது. செட்டிநாட்டு வளவுக்குள் (வீட்டுக்குள்) இருந்த பெண்களின் உரிமையை வைத்துக் கொழும்பின் வரியை லண்டனில் தீர்த்தார்கள். 1966-இல் நம் உச்ச நீதிமன்றமும் ஒரு வருமான வரி வழக்கில் இந்தத் தீர்ப்பை எடுத்துக்கொண்டது.

அந்தக் காலத்தைப் பொற்காலமாக்கவும் நான் தயாரில்லை. 1930-இல் நெல் விலை விழுந்தபோது கடன் கட்ட முடியாத கீழ்பர்மா விவசாயிகளின் நிலம் நம்மவர்கள் கைக்கு வந்தது. 13 முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த சாகுபடி நிலம் 1930-இல் சுமார் 6 சதவீதம். 1937-இல் 25 சதவீதம். ஒரே சட்டம் என்பது யாருக்கு வசதியாக இருந்தது என்று அந்த விவசாயியிடம் கேட்டால் வேறு பதில் வரும். 1942-இல் ஜப்பான்காரன் வந்தான், 1948-இல் பர்மா அரசு நில தேசியமயச் சட்டம் போட்டது. தகரப் பெட்டியில் ரங்கூன் பத்திரத்தை வைத்துக்கொண்டு "இதுல ஏதாவது தேறுமா?" என்று கேட்பவர்கள் இன்றும் வருகிறார்கள். 1987-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அங்கே வெளிநாட்டவருக்கு அசையாச் சொத்து மாற்றுவதையே தடுக்கிறது. சட்டகம் போட்டுச் சுவரில் மாட்டுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

சரி, இன்றைய சங்கதிக்கு வருவோம். என் மேசைக்கு வரும் சிக்கல்களில் பாதி, பெயர்.

நகரத்தார் வீட்டுப் பத்திரத்தில் பெயருக்கு முன்னால் நிற்கும் விலாசம் சாதாரண இனிஷியல் இல்லை. அப்பச்சி (அப்பா), ஐயா, அவருக்கும் மேலே என்று தலைமுறைகள் அதில் வரிசையாக நிற்கும். மலேசியாவில் பிறந்த பேரனின் பாஸ்போர்ட்டில் அதெல்லாம் கிடையாது. 'ராமநாதன் ஏ/எல் சுப்பிரமணியன்' என்று இருக்கும். ஏ/எல் என்பது மலாய் மொழியில் 'அனாக் லெலாக்கி', மகன் என்று அர்த்தம், மகளுக்கு ஏ/பி. இங்கே டைப் அடிப்பவர் அதைப் பார்த்து 'ஏஎல். சுப்பிரமணியன் மகன் ராமநாதன்' என்று அடித்துவிடுவார். நம் பக்கத்தில் ஏஎல் என்றால் அழகப்பன். குடும்பத்தில் இல்லாத ஒரு அழகப்ப ஐயா புதிதாகப் பிறந்துவிட்டார். சிரிப்பாகத்தான் இருக்கும். இந்த இரண்டு எழுத்துக்காக ஒரு வங்கி என் கட்சிக்காரரின் டெபாசிட்டை ஒன்பது மாதம் நிறுத்தி வைத்தபோது யாரும் சிரிக்கவில்லை.

பிள்ளை கூட்டிய, அதாவது சுவீகாரம் எடுத்த, வீடுகளில் இது இன்னும் இறுகும். சுவீகாரம் போனவருக்கு விலாசமே மாறிவிடுகிறது. மலேசியப் பிறப்புச் சான்றில் பெற்ற அப்பச்சி பெயரே நிற்கிறது. நம் 1956-ஆம் ஆண்டுச் சட்டப்படி 15 வயது நிறைந்தவரையோ கல்யாணமானவரையோ சுவீகாரம் எடுத்தால், அப்படி ஒரு வழக்கம் அந்தச் சமூகத்தில் உண்டு என்று காட்ட வேண்டும். கோயிலில் மாலை போட்ட போட்டோவும் ஊரார் சாட்சியும் இங்கே ஓரளவு எடுபடும். கடலுக்கு அந்தப் பக்கம் உள்ள அதிகாரிக்கு அது வெறும் போட்டோ. கொடுத்தவரும் எடுத்தவரும் கையெழுத்திட்டுப் பதிவு செய்த சுவீகாரப் பத்திரம் இருந்தால், சட்டப்படி நடந்ததாகவே நம் கோர்ட் முதலில் எடுத்துக்கொள்ளும். அங்கேயும் காட்ட ஒரு காகிதம் இருக்கும். பெரியவர்கள் தெம்பாக இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள். பாஸ்போர்ட் பெயரையும் விலாசப் பெயரையும் 'என்கிற' போட்டு எல்லாப் பத்திரத்திலும் சேர்த்தே எழுதச் சொல்லுங்கள்.

முத்திரை விஷயத்தில் கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறார்கள். 1961-இல் ஹேக் நகரில் போட்ட அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் இருக்கும் நாடுகளுக்குள், ஆவணம் புறப்படும் நாடு ஒரே ஒரு சான்று ஒட்டினால் போதும், தூதரகம் தூதரகமாக அலைய வேண்டாம். இந்தியாவில் இது 2005-இல் நடைமுறைக்கு வந்தது, சிங்கப்பூரில் 2021-இல். ஒன்றை மறந்துவிடாதீர்கள்: கையெழுத்தும் முத்திரையும் அசல் என்பதற்குத்தான் அப்போஸ்டில். உள்ளே எழுதியிருப்பது உண்மை என்றோ, முத்திரைத் தீர்வை கட்டியாயிற்று என்றோ அதற்கு அர்த்தமில்லை. அந்த 3 மாதக் கெடு அப்படியேதான் இருக்கிறது.

கோர்ட் தீர்ப்பு என்றால் கதை வேறு. சிங்கப்பூர், மலேசிய உயர் நீதிமன்றங்களில் வாங்கிய பண டிக்ரியை, சிவில் நடைமுறைச் சட்டம் 44ஏ பிரிவின்படி இங்கே மாவட்ட நீதிமன்றத்தில் நேரடியாக நிறைவேற்றக் கேட்கலாம். அரசு அறிவித்த பட்டியலில் அந்த நாடுகள் இருக்கின்றன. பட்டியலில் இல்லாத நாட்டின் தீர்ப்பு என்றால், அதையே ஆதாரமாக வைத்து 3 வருடத்துக்குள் இங்கே புதிதாக வழக்குப் போட வேண்டும். இலங்கைத் தீர்ப்புக்கு அந்தச் சுற்றுவழிதான். ராமேஸ்வரத்துக்கு எதிர்க்கரை, கோர்ட் கணக்கில் சிங்கப்பூரைவிடத் தூரம்.

சொத்து வாங்குவதிலும் அதே கதை. கொழும்பில் இருக்கும் ஒருவர் தேவகோட்டையில் தாயாதி வீட்டுப் பக்கத்து மனையை வாங்க ஆசைப்பட்டார். அந்நியச் செலாவணி விதிகளில் ஒரு பட்டியல் இருக்கிறது: பாகிஸ்தான், வங்கதேசம், இலங்கை, ஆப்கானிஸ்தான், சீனா, ஈரான், நேபாளம், பூடான் என்று போகும். இந்த நாட்டுக் குடிமக்கள் ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி இல்லாமல் இங்கே அசையாச் சொத்து வாங்கவோ மாற்றவோ கூடாது. 5 வருடத்துக்கு மிகாத குத்தகை மட்டும் சரி. பட்டியலைப் பாருங்கள், பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரர்கள்தான். அவரிடம் இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தால் இந்தத் தடை இல்லை. வீடு, மனை வாங்கலாம். வயலும் தோப்பும் ஓசிஐக்காரரும் வாங்க முடியாது, வாரிசாக வந்தால்தான் உண்டு. எதிர்க்கரையிலும் கதவு பாதி சாத்தியே இருக்கிறது. இலங்கையின் 2014-ஆம் ஆண்டு 38-ஆம் எண் சட்டம் வெளிநாட்டவருக்கு நிலம் கைமாறுவதைத் தடுத்து, வாரிசுரிமை போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்குத் தருகிறது.

வியாபாரத்துக்கு ஒப்பந்தம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். மசாலா வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவரும் கேட்டார். "அண்ணே, இலங்கை மிளகுக்கு வரியே இல்லையாம்ல?" பாதி உண்மை. 1998-இல் கையெழுத்தாகி 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த இந்திய-இலங்கைத் தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்தில் வருடத்துக்கு 2,500 டன் மிளகுக்குச் சலுகை உண்டு. ஆனால் அது இலங்கையில் விளைந்த மிளகாக இருக்க வேண்டும். வியட்நாம் மிளகு கொழும்பு வழியாக வேஷம் மாற்றி வருகிறது என்று இங்கே விவசாயிகள் கொதித்தார்கள். 2017 டிசம்பரில் கிலோ 500 ரூபாய்க்குக் குறைந்த விலையில் மிளகு இறக்கக்கூடாது என்று அறிவிப்பு வந்தது. 2020 செப்டம்பர் 21 முதல் இன்னொரு விதி: அந்த நாட்டு அரசு கொடுத்த பூர்வீகச் சான்றைக் காட்டினால் மட்டும் போதாது, பொருள் எங்கே எப்படி விளைந்தது என்ற விவரத்தை இறக்குமதியாளரே கையில் வைத்திருக்க வேண்டும், 5 வருடம் காப்பாற்றவும் வேண்டும். இலங்கை மாத்தளையில் எந்தத் தோட்டத்துக் கொடி என்று காரைக்குடிக் கடைக்காரர் சொல்லியாக வேண்டும்! நண்பர் இடுக்கியிலேயே வாங்கிக்கொண்டிருக்கிறார். அரசின் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் பெரிய கம்பெனிக்கு அது ஒரு ஃபைல், சின்னக் கடைக்கு அது ஒரு மதில்.

ஐரோப்பாவில் இந்த முடிச்சை ஒரு மதுப் புட்டி அவிழ்த்தது. கருந்திராட்சை போன்ற ஒரு பழத்தில் செய்த பிரெஞ்சு மதுவில் ஆல்கஹால் 25 சதவீதத்துக்குக் குறைவு என்று ஜெர்மனி உள்ளே விட மறுத்தது. 1979-இல் ஐரோப்பிய நீதிமன்றம், ஒரு உறுப்பு நாட்டில் சட்டப்படி விற்கும் பொருளைத் தக்க காரணமில்லாமல் இன்னொரு உறுப்பு நாடு தடுக்க முடியாது என்றது. அப்படிச் சொல்ல நாடுகளுக்கு மேலே ஒரு கோர்ட் வேண்டும். 1985-இல் பிறந்த, தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான நம் சார்க் அமைப்புக்கு அது இல்லை. எல்லா முடிவும் ஒருமனதாக இருக்க வேண்டும். இரு நாட்டுத் தகராறுகளைப் பேசக்கூடாது என்று அதன் சாசனமே சொல்கிறது. 2014 காத்மாண்டுக்குப் பிறகு தலைவர்கள் மாநாடே கூடவில்லை. அதனால் இப்போதைக்கு நம் கையில் இருப்பது நம் பத்திரங்களை ஒழுங்காக வைத்துக்கொள்வது மட்டும்தான்.

உயில் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். இரண்டு நாட்டில் சொத்து இருந்தால் இரண்டு உயில் எழுதச் சொல்வேன். அந்தந்த நாட்டுச் சொத்துக்கு அந்தந்த உயில் என்று முதல் வரியிலேயே இருக்க வேண்டும். நம் எழுத்தர்கள் பழக்கத்தில் போடும் ஒரு வரி உண்டு: 'இதற்கு முன் எழுதிய உயில்கள் அனைத்தையும் இதன் மூலம் ரத்து செய்கிறேன்.' கோலாலம்பூரில் முறையாக ஒரு உயில் எழுதி வைத்த பெரியவர் ஒருவர், ஊருக்குத் திருவிழாவுக்கு வந்தபோது இங்குள்ள வீட்டுக்கு மட்டும் ஒரு உயில் எழுதினார். அந்த வரியும் அதில் போய் உட்கார்ந்துகொண்டது. இப்போது அண்ணன் அங்கே வழக்குப் போட்டிருக்கிறார், தம்பி இங்கே. எழுதிய எழுத்தர் காலமாகிவிட்டார். சாட்சி போட்டவருக்கு வயது 84. வருகிற 17-ஆம் தேதி அவரைக் குறுக்கு விசாரணை செய்ய வாய்தா போட்டிருக்கிறார்கள்.