பருப்புத் தண்ணீரில் பருப்பு இல்லை

பருப்புத் தண்ணீரையே சாப்பாடாகக் குடித்து எடை ஏறாமல் என்னிடம் வந்த குழந்தைகளில், இந்த மாதத்தில் இது நான்காவது. மூன்று வரைக்கும் பொறுமையாகச் சொல்லி அனுப்பினேன். நான்காவது வந்த அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை, அதனால்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

பதினொரு மாதப் பெண் குழந்தை, எடை 6.4 கிலோ. இந்த வயதில் சராசரியாக எட்டரை கிலோவைத் தாண்டியிருக்க வேண்டும். அம்மா கொண்டுவந்த தடுப்பூசி அட்டையைப் புரட்டினால், ஆறு மாதத்தில் சரியாக 6 கிலோ என்று எழுதியிருக்கிறது. அதாவது ஐந்து மாதத்தில் 400 கிராம்தான் ஏறியிருக்கிறது. ஹீமோகுளோபினும் குறைவு, 8.1. கண்ணின் கீழ் இமையை விலக்கிப் பார்த்தால் வெள்ளைக் காகிதம் மாதிரி இருக்கிறது. டாக்டர் இரும்புச்சத்துச் சொட்டு மருந்து எழுதிவிட்டு, சாப்பாட்டைப் பற்றிப் பேசச் சொல்லி என்னிடம் அனுப்பினார்.

"தினமும் என்னம்மா குடுக்கறீங்க?"

"பருப்புத் தண்ணி மூணு வேளையும் குடுக்கறேன் மேடம். காய் வேகவச்ச தண்ணி. அப்புறம் பால், செரிக்கணும்னு பாதிக்குப் பாதி தண்ணி ஊத்தித்தான். வெயிட் ஏறலைன்னு போன மாசத்துல இருந்து டப்பா மாவும் கலக்கிக் குடுக்கறேன்."

எல்லாமே பாட்டிலில். பருப்புத் தண்ணீர் இறங்குவதற்காக நிப்பிளில் சூடான ஊசியால் ஓட்டையைப் பெரிதாக்கி வைத்திருந்தார். "பருப்பு யாரு சாப்பிடுறா?" என்று கேட்டேன். "அது எங்களுக்குச் சாம்பார் வச்சுருவேன்" என்றார்.

அந்தப் பெண்ணைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கணவருக்குப் பனியன் கம்பெனியில் வேலை, மாதம் 17,000, அதில் வாடகை 5,000. வீட்டுக் கணக்கை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதுகிறவர். கடையில் இட்லி மாவு வாங்குவதில்லை, கறிவேப்பிலைக் காம்பைக்கூட வீணாக்குவதில்லை, மீந்த சோற்றைத் தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் குடிக்கிறார். இவ்வளவு சிக்கனமாகக் குடும்பம் நடத்துகிறவர், ஒரு டப்பாவுக்கு மட்டும் 680 ரூபாய் கொடுக்கிறார். இருபது நாளில் தீர்ந்துவிடுகிறதாம்.

சரி, முதலில் பருப்புத் தண்ணீர் சமாச்சாரத்தை முடித்துவிடுகிறேன், ஏனென்றால் என்னை மிகவும் வதைப்பது இதுதான்.

"சத்தெல்லாம் தண்ணியில எறங்கிரும்" என்று நினைக்கிறார்கள். இறங்காது. துவரம் பருப்பு நூறு கிராமில் சுமார் 22 கிராம் புரதம் இருக்கிறது. அந்தப் புரதம் பருப்போடு ஒட்டிக்கொண்டு இருப்பது. வேகவைத்தால் பருப்பு தண்ணீரைக் குடித்து ஊதும், புரதம் பருப்பை விட்டு வெளியே ஓடாது. மேலே தெளிந்து நிற்கிற தண்ணீரில் கொஞ்சம் உப்புச்சத்தும் கொஞ்சம் பி வைட்டமினும் மஞ்சள் நிறமும் வாசனையும் இருக்கும், அவ்வளவுதான். அந்த நிறத்தைப் பார்த்துத்தான் ஏமாறுகிறோம். காய் வேகவைத்த தண்ணீரும் அப்படித்தான், சோறு வடித்த கஞ்சித் தண்ணீரும் அப்படித்தான், ஆட்டுக்கால் சூப்பும் பெரும்பாலும் அப்படித்தான். வேகவைத்த கோழியை எடுத்து வைத்துவிட்டு அந்தத் தண்ணீரை மட்டும் உங்கள் கணவருக்கு ஊற்றினால் ஒரு நாளாவது சும்மா இருப்பாரா? குழந்தைக்கு வாய் இல்லை, அதனால் ஐந்து மாதமாக அதைத்தான் குடித்துக்கொண்டிருக்கிறது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. குழந்தையின் வயிறு ஒரு வேளைக்குக் கிலோவுக்குச் சுமார் 30 மில்லி பிடிக்கும் என்று நாங்கள் வைத்துக்கொள்வோம். இந்தக் குழந்தைக்கு 190 மில்லி, ஒரு சின்ன டம்ளர் அளவு. அந்த டம்ளரைத் தண்ணீரால் நிரப்பிவிட்டால் பிறகு சோற்றுக்கு எங்கே இடம்? தாய்ப்பாலுக்கும் இடமிருக்காது. பருப்புத் தண்ணீரைவிடத் தாய்ப்பாலில் பல மடங்கு சத்து இருக்கிறது. நல்லதைத் தள்ளிவிட்டுத் தண்ணீரை ஊற்றுகிறோம். வயிறு நிறைந்த குழந்தை அழாது, தூங்கிவிடும், நாமும் நல்லாச் சாப்பிட்டுத் தூங்குகிறது என்று நினைத்துக்கொள்வோம்.

கூட வந்திருந்த மாமியார் அதுவரை பேசாமல் இருந்தார். அப்புறம் மெதுவாக, "பல்லு மொளைக்காத புள்ளைக்கு பருப்பக் குடுத்தா மாந்தம் வந்துருமுங்க" என்றார். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. அவர் காலத்தில் குழந்தைகள் வயிற்றுப்போக்கில் செத்ததைக் கண்ணால் பார்த்தவர். ஆனால் வயிற்றுப்போக்கு பருப்பால் வருவதில்லை அம்மா, கழுவாத கையாலும் சரியாகக் கழுவாத பாட்டிலாலும் வருகிறது. ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கு நன்றாக வெந்து மசித்த பருப்பு செரிக்கும். மசித்ததைத் தின்னப் பல் வேண்டியதில்லை, ஈறே போதும்.

அவர்கள் மதியத்துக்குக் கொண்டுவந்திருந்த தூக்கைத் திறக்கச் சொன்னேன். சாம்பார், அடியில் பருப்பு மண்டியிருந்தது. மேலே இருந்ததை ஒரு ஸ்பூனில் எடுத்துச் சாய்த்தேன், ஓடிவிட்டது. அடியிலிருந்து பருப்பை எடுத்துக் கொஞ்சம் சோற்றோடு ஸ்பூனாலேயே மசித்து மறுபடி சாய்த்தேன், ஸ்பூனிலேயே நின்றது. குழந்தையின் சாப்பாடு இப்படி நிற்க வேண்டும், ஓடினால் அது சாப்பாடு இல்லை. உலக சுகாதார நிறுவனமும் இதையேதான் சொல்கிறது. மாமியார் அந்த ஸ்பூனை வாங்கி, தானும் ஒருமுறை கவிழ்த்துப் பார்த்தார்.

இனி டப்பா. லேபிளில் சேர்மானங்களை எடையில் அதிகமானதிலிருந்து குறைவானது என்ற வரிசையில்தான் போட வேண்டும், இது நம் நாட்டுச் சட்டம். இவர் வாங்கிய டப்பாவில் இரண்டாவதாக நின்றது சர்க்கரை. இரண்டு வயது வரை குழந்தைக்குச் சர்க்கரையே சேர்க்காதீர்கள் என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் வழிகாட்டி சொல்கிறது. "ஹெல்த் டிரிங்க்" என்று ஒரு வகையே உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் கிடையாது என்று சொல்லி, 2024இல் மத்திய அரசு ஆன்லைன் கடைகளிடம் இந்த மாதிரி பானங்களை அந்தத் தலைப்பிலிருந்து எடுக்கச் சொன்னது. எடுத்துவிட்டார்கள், ஆனால் நம் மனசில் அந்தப் பெயர் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

அவருடைய நோட்டிலேயே பின்பக்கத்தில் கணக்குப் போட்டோம். ரேஷன் கடையில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25. பருப்பு அவர் ஏற்கெனவே வாங்குவதுதான், அதில் ஒரு கை குழந்தைக்கு. தினம் ஒரு முட்டை, மாதத்துக்கு 200 ரூபாய்க்குக் கொஞ்சம் கூட. முட்டை ஒன்றில் ஆறு கிராம் புரதம் இருக்கிறது. கேழ்வரகு ஒரு கிலோ, நிலக்கடலை அரைக் கிலோ, வாரத்துக்கு நாலைந்து வாழைப்பழம். முருங்கைக்கீரை வீட்டு ஓனர் வாசலில் நிற்கிறது, கேட்டால் கொடுப்பாராம். எல்லாம் சேர்த்தும் 500 தொடவில்லை, அதில் பாதி மற்றவர்களுக்கும் ஆகும். கணக்குப் போட்டு முடித்ததும் அவர் கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், எனக்குத்தான் சங்கடமாக இருந்தது.

தனியாகச் சமைக்க வேண்டியதும் இல்லை. குக்கரில் சோறு வைக்கும்போதே மேலே ஒரு சின்னக் கிண்ணம் வையுங்கள். இரண்டு பங்கு அரிசி, ஒரு பங்கு பருப்பு, ஒரு துண்டு பூசணியோ கேரட்டோ, ஆய்ந்த முருங்கைக்கீரை கொஞ்சம், தண்ணீர் மூழ்க. தனி கேஸ் செலவு கிடையாது. இறக்கியதும் மத்தால் கடைந்து ஒரு ஸ்பூன் எண்ணெயோ நெய்யோ விடுங்கள். எண்ணெய் ஊற்றப் பயப்படாதீர்கள், சின்ன வயிற்றில் அதிகச் சத்தை அடக்க அதைவிட மலிவான வழி இல்லை. இரண்டு சொட்டு எலுமிச்சை பிழிந்தால் கீரையிலும் பருப்பிலும் இருக்கும் இரும்பு நன்றாக உடம்பில் சேரும். குழந்தைக்கு எடுத்து வைத்த பிறகு மிளகாயும் உப்பும் உங்களுக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இட்லியைப் பருப்பில் பிசைந்து கொடுங்கள். ஒன்பது மாதத்துக்கு மேல் மையாக மசிக்காதீர்கள், ஒன்றிரண்டாக இருக்கட்டும்.

கேழ்வரகை முளைகட்டி, காய வைத்து, லேசாக வறுத்து அரைத்தால் கஞ்சி கெட்டிப்பட்டுப் பசை மாதிரி ஆகாது, அதனால் அதே கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் மாவைச் சேர்க்கலாம். நம் பாட்டிமார்கள் இதைச் சும்மா செய்யவில்லை. ஆனால் இப்போது யூடியூபில் வருகிற முப்பத்திரண்டு சாமான் சத்துமாவு வேண்டாம். பாதாம், பிஸ்தா எல்லாம் போட்டு ஆயிரம் ரூபாய்க்கு ஒரு டப்பா அரைத்து வைத்தால், பெயர்தான் வீட்டுத் தயாரிப்பு, செலவு கடை டப்பாவைவிட அதிகம். ஆறு மாதக் குழந்தைக்கு முதன்முதலில் அதைக் கொடுத்து உடம்பில் தடிப்பு வந்தால், முப்பத்திரண்டில் எதைச் சந்தேகப்படுவது? ஒவ்வொன்றாகப் பழக்குங்கள், இரண்டு மூன்று நாள் பார்த்து அடுத்தது. கடலையை வறுத்துப் பொடித்துத்தான் போட வேண்டும், முழுக்கடலை ஐந்து வயது வரை கையில் கொடுக்கவே கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். பூஞ்சை பிடித்துக் கறுத்த கடலையைப் பொறுக்கி எறியுங்கள், அதில் சிக்கனம் வேண்டாம். காலையில் மசித்ததை ராத்திரி வரை ஹாட்பாக்ஸில் வைத்து ஊட்டுவதும் வேண்டாம்.

பால். ஒரு வயதுக்கு முன் தாய்ப்பாலுக்குப் பதிலாகப் பசும்பால் கூடாது, ஒரு வயதுக்கு மேலும் அரை லிட்டருக்குள் நிறுத்துங்கள். பாலில் இரும்பு கிடையாது என்றே சொல்லலாம், அதில் வயிறு நிறைந்த குழந்தை வேறெதையும் தொடாது. ஒரு லிட்டர் பால் குடிக்கும் கொழுகொழு குழந்தைக்கு ஹீமோகுளோபின் 7 என்று வருவதை வாரம் ஒருமுறையாவது பார்க்கிறேன். 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் இருக்கும் தமிழ்நாட்டுக் குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. நாடு முழுக்க 67. இது ஏழைகள் வீட்டு விஷயம் மட்டும் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம், காரில் வந்து இறங்குகிறவர்களும் இதே பருப்புத் தண்ணீர்க் கதையைத்தான் சொல்கிறார்கள்.

தேன் ஒரு வயது வரை நாக்கில் தடவக்கூடாது. காய்ச்சல் வந்தால் கஞ்சித் தண்ணீரோடு நிறுத்தாதீர்கள், கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி ஊட்டுங்கள், காய்ச்சல் விட்டபின் ஒரு வேளை கூடுதலாகவே கொடுங்கள். பாட்டிலைத் தூக்கி எறியுங்கள், டம்ளரும் ஸ்பூனும் போதும்.

அங்கன்வாடிக்குப் போங்கள் என்று நான் கெஞ்சிக் கேட்கிறேன். ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கு இணை உணவு மாவை இலவசமாகத் தருகிறார்கள். இதை வாங்கி மாட்டுக்குப் போடுகிற வீடுகள் எனக்குத் தெரியும். எடை போட்டு அட்டையில் கோடாகக் குறித்தும் தருவார்கள். அந்தக் கோடு இரண்டு மாதம் தொடர்ந்து ஏறாமல் நின்றால் மூன்றாவது மாதத்துக்குக் காத்திருக்காமல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். இந்தக் குழந்தைக்கு எட்டாவது மாதத்திலேயே யாராவது அந்தக் கோட்டைப் பார்த்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது.

மூன்று வாரம் கழித்து நேற்று வந்தார்கள். 6.75 கிலோ. ஹீமோகுளோபினைப் பார்க்க இன்னும் நாளாகும், சொட்டு மருந்து தொடர்கிறது. மத்தியானச் சாப்பாட்டை மாமியார்தான் ஊட்டுகிறாராம், முட்டை மஞ்சள் கருவில் ஆரம்பித்து இப்போது முழு முட்டைக்கு வந்துவிட்டார்கள். ராத்திரிப் பாட்டிலை மட்டும் இன்னும் நிறுத்தவில்லை, அழுகிறாளாம். அடுத்த முறை அதைப் பேச வேண்டும்.