சத்தம் போடாத வண்டி

கொருக்குப்பேட்டையிலும் தண்டையார்பேட்டையிலும் தண்டவாளத்தை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்குத் தனிக் காது உண்டு. வருவது சரக்கு வண்டியா, கும்மிடிப்பூண்டி லோக்கலா, நிற்குமா, நிற்காமல் போகுமா என்று அடுப்படியில் இருந்தபடியே சொல்லிவிடுவார்கள். மின்சார ரயில் பணிமனையில் இருபது ஆண்டுகளாக வேலை பார்க்கும் எனக்கே அது வியப்புதான். அந்தக் காதை நம்பித்தான் பலர் தண்டவாளத்தைக் கடக்கிறார்கள். புதிய ரயில் பெட்டிகள் ஓட வரும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்குவதும் அதுதான்.

புதிய பெட்டிகளைச் சோதிப்பதில் யாரும் குறை சொல்ல முடியாது. 1955 முதல் பெட்டி கட்டிவரும் பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலை நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வடிவமைப்பே புதிது என்றால், லக்னோவில் இருக்கும் ரயில்வே ஆராய்ச்சி அமைப்பான ஆர்.டி.எஸ்.ஓ. ஆட்கள் கருவிகளோடு வந்து, பயணிகளின் எடைக்கு மணல் மூட்டைகளை அடுக்கி, வேகத்தில் பெட்டி எவ்வளவு ஆடுகிறது, பிரேக் பிடித்தால் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று அளப்பார்கள். ஓட்டத் தொடங்கும் நாளில் மாலையும் பூசணிக்காயும் தவறுவதில்லை. வண்டியின் குணம் மாறியிருக்கிறது என்பதைத் தண்டவாள ஓரத்து வீடுகளுக்குப் போய்ச் சொல்லத்தான் ஆள் கிடைப்பதில்லை.

என்ன மாற்றம்? பழைய வண்டி வேகம் குறைக்கும்போது சக்கரத்தில் பிரேக் கட்டை உரசிக் கிறீச்சிடும். அடியில் கம்ப்ரசர் தடதடக்கும். இப்போது வருபவை மும்முனை மின்சாரத்தில் சுழலும் ‘த்ரீ பேஸ்’ மோட்டார் வண்டிகள். வேகம் குறைக்க வேண்டுமானால் அந்த மோட்டாரே ஜெனரேட்டர்போல மாறி, மின்சாரத்தை மேலே இருக்கும் 25,000 வோல்ட் கம்பிக்குத் திருப்பி அனுப்பும். அந்த இழுப்பிலேயே வண்டி தணியும். கட்டைக்குப் பெரும்பாலும் கடைசி நேரத்தில்தான் வேலை. மின்சாரம் மிச்சம், கட்டைத் தேய்மானமும் மிச்சம். கூடவே அந்தக் கிறீச்சும் போய்விட்டது. கிளம்பினால் மெல்லிய ரீங்காரத்தோடு சட்டென்று வேகம் பிடிக்கும்.

ஒரு முறை அதிகாலையில் சோதனை ஓட்டத்துக்காக மோட்டார்மேன் அறையில் நின்றுகொண்டிருந்தேன். திருவொற்றியூரைத் தாண்டி மெதுவாகத்தான் போனோம். முன்னே ஓர் அம்மா, தலையில் மீன் இருந்த அன்னக்கூடை, தண்டவாள விளிம்பில் நின்றார். தலையைத் திருப்பவில்லை, கூடை சாயும் அல்லவா? சற்று நின்று, கேட்டு, காலை எடுத்து வைத்தார். மோட்டார்மேன் ஹாரனை விடாமல் அழுத்திப் பிரேக்கைப் போட்டார். வண்டி நின்றபோது அவருக்கும் எங்களுக்கும் இடையே ஒரு பெட்டி நீளம்கூட இல்லை. கூடையிலிருந்து இரண்டு சங்கரா மீன்கள் ஜல்லியில் விழுந்து கிடந்தன. அவற்றைப் பொறுக்கிக்கொண்டே அண்ணாந்து பார்த்து, “ஏன் தம்பி, வண்டி வருவது காதுக்குத் தெரிய வேண்டாமா?” என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு விநாடிக்கு 22 மீட்டர் கடக்கும். சுமையோடு இரண்டு தடங்களைத் தாண்டப் பத்து விநாடியாவது ஆகும். அதற்குள் வண்டி 220 மீட்டர் வந்துவிடும். ஓடும் வண்டியின் இரைச்சல் பெரும்பாலும் பக்கவாட்டில்தான் பரவும். நேர் எதிரே நிற்பவருக்குத்தான் அது குறைவாகக் கேட்கும். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் உறுமும் நேரத்தில் கேட்கவே வேண்டாம். தடத்துக்குள் நிற்கவில்லை, ஓரமாகத்தான் நிற்கிறேன் என்பதும் காப்பாற்றாது. பெட்டியின் உடல் தண்டவாளத்துக்கு வெளியே ஒரு கை நீளத்துக்குக் குறையாமல் நீட்டிக்கொண்டிருக்கும்.

நான் அதிகம் அஞ்சுவது சரக்கு வண்டியைக் கண்டுதான். அது கடகடவென்று போகும்வரை பொறுமையாக நிற்பார்கள். கடைசி வேகன் நகர்ந்ததும் இறங்கிவிடுவார்கள். அதன் மறைவில், அதன் இரைச்சலுக்குள்ளேயே, பக்கத்துத் தடத்தில் லோக்கல் வந்துகொண்டிருக்கும். பழைய வண்டியாக இருந்தாலாவது காது ஏதோ சொல்லியிருக்கும். வேகன்கள் விலகிப் பக்கத்துத் தடம் இரு புறமும் வெகுதூரம் கண்ணுக்குத் தெரியும்வரை நில்லுங்கள். நடைமேம்பாலம் இருக்கும் இடத்தில் இந்தக் கணக்கே வேண்டாம், ஏறிப் போங்கள். முழங்கால் வலிக்கும், தெரியும்.

கதவுகள் தானாக மூடும் குளிர்சாதன வண்டிகளும் சென்னைக் கடற்கரை – செங்கல்பட்டு தடத்தில் 2025 ஏப்ரலில் ஓடத் தொடங்கிவிட்டன. மூடும் கதவில் பையையோ காலையோ நுழைத்துப் பார்க்காதீர்கள். ஒரு கதவு மூடாவிட்டாலும் மொத்த வண்டியும் தாமதமாகும்.

இன்னொன்று. இரவில் ஹாரன் அடிக்கிறார்கள், குழந்தை தூங்கவில்லை என்று எங்களைத் திட்டுபவர்கள் உண்டு. என் வீடும் தண்டவாளத்துக்குப் பின்தெருதான். என் மனைவியும் திட்டுவாள். புது வண்டியில் எங்களிடம் மிச்சமிருக்கும் சத்தம் அது ஒன்றுதான்.