சாலோடி: ஸ்லொட் காருக்கு ஒரு தமிழ்ச் சொல்

ஸ்லொட் என்றால் இன்றைக்குத் திருகோணமலையில் முதலில் நினைவுக்கு வருவது போனில் சிம் செருகும் இடம்தான். அதனால் ‘ஸ்லொட் கார்’ என்று கேட்டதும், காசு போட்டால் ஆடும் கடைவாசல் கார் என்று நினைப்பவர்களும் உண்டு. இது வேறு: மேசைமேல் தடம் பூட்டி ஓடவிடும் சிறிய மின்சார விளையாட்டுக் கார். இந்த ஸ்லொட் இருப்பது அந்தக் கார் ஓடும் தடத்தில்.

தடத்தில் ஒவ்வொரு காருக்கும் ஒடுங்கிய நீண்ட பள்ளம் ஒன்று வெட்டியிருக்கும். அதன் இரு கரையிலும் உலோகக் கீற்றுகள். காரின் முன்பக்கத்தில், அடியில் இருக்கும் சிறு தகடு அந்தப் பள்ளத்துக்குள் இறங்கி நிற்கும். காரைத் திருப்பும் வேலை அதனுடையது. தகட்டின் இரு பக்கமும் உள்ள கம்பிப் பின்னல்கள் கீற்றுகளை உரசிக்கொண்டே போய் மோட்டருக்கு மின் எடுத்துக் கொடுக்கும், பெரும்பாலும் 12 வோல்ற்று நேரோட்டம். பற்றரி கிடையாது. கையிலுள்ள கன்ட்ரோலரை அழுத்த அழுத்த வேகம் கூடும். வளைவிலும் விடாமல் அழுத்தினால் கார் பள்ளத்தை விட்டுக் கிளம்பி மேசைக்குக் கீழே போய்விடும்.

ஸ்லொட் என்ற ஆங்கிலச் சொல் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. தொடக்கத்தில் அது மனித உடம்பைக் குறித்தது: கழுத்துக்குக் கீழே, நெஞ்செலும்புக்கு மேலே தெரியும் குழி. ஒன்றைச் செருகுவதற்கான ஒடுங்கிய வாய் என்ற பொருள் 16ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்தது. அதே எழுத்துகளில் இன்னொரு ஸ்லொட்டும் ஆங்கிலத்தில் இருக்கிறது. வேட்டைக்காரர் பேச்சில் அது மானின் காலடித் தடம். கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில், பிரெட்ரிக் கோட்டைக்குள் புள்ளிமான்கள் நடந்த மண்ணில் பதிந்திருப்பதெல்லாம் அந்த ஸ்லொட்தான்!

காருக்கு வருவோம். இங்கிலாந்தில் மினிமொடல்ஸ் என்ற நிறுவனத்தை நடத்திய பிரெட் பிரான்சிஸ், முதலில் சுருள்வில்லால் ஓடும் தகரக் கார்களை ‘ஸ்கேலெக்ஸ்’ என்ற பெயரில் விற்றார். பிறகு அவற்றுக்கு மின்மோட்டர் பூட்டி, பள்ளத் தடத்தில் ஓட வைத்தார். எலெக்ட்ரிக் என்பதன் வாலை ஸ்கேலெக்ஸோடு ஒட்டியதும் ‘ஸ்கேலெக்ஸ்ட்ரிக்’ பிறந்தது. அது வெளிவந்தது 1957இல். பிரித்தானியக் கடற்படை திருகோணமலைத் தளத்தை இலங்கையிடம் கையளித்ததும் அதே ஆண்டுதான். இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை, ஆனால் நம்மூர்க்காரருக்கு ஆண்டு மறக்காது. ஸ்பெயினில் இந்தப் பெயர் இன்னும் ஒரு படி மேலே போனது. ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னிக் கிடக்கும் மேம்பாலங்களையே அங்கே ‘எஸ்கலெக்ஸ்ட்ரிக்’ என்கிறார்கள், அகராதியிலும் ஏற்றிவிட்டார்கள்.

சேகரிப்பவர்கள் அதிகம் தேடுவது பழைய ரலிக் கார்களின், அதாவது சாலைகளில் நடக்கும் நெடுந்தூரப் போட்டிகளில் ஓடிய கார்களின், மாதிரிகளை. அளவிடை பெரும்பாலும் 1:32, அதாவது மூன்று மீற்றர் நீள மினி கூப்பர் ஒன்பதரை சென்ரிமீற்றராகிவிடும். 1964, 1965, 1967 மொன்டி கார்லோ ரலிகளை வென்ற அந்த மினி, 1974 முதல் 1976 வரை தொடர்ந்து மூன்று உலகப் பட்டங்களை லான்சியாவுக்கு வாங்கிக் கொடுத்த ஸ்ட்ராட்டோஸ், நாலு சில்லும் இழுக்கும் அவுடி குவாட்ரோ ஆகியவைதான் அலுமாரிகளில் முன்வரிசை. எனக்குப் பிடித்தது 1971லும் 1973லும் கிழக்கு ஆபிரிக்க சபாரி ரலியை வென்ற டட்சன் 240இசட். டட்சன் நம் ரோட்டிலும் ஓடிய பெயர் என்பதால் இருக்கலாம். சேறு தெறித்தது போலப் பூச்சடித்து வரும் மாதிரிகளும் உண்டு. சேகரிப்பவர் அந்தச் சேற்றைத் துடைக்கக் கூடாது!

கனடாவிலிருந்து சொந்தக்காரர் ஸ்லொட் கார்ப் பெட்டி அனுப்பினால் முதலில் ட்ரான்ஸ்போமரைப் பாருங்கள். அங்கே 120 வோல்ற்று, இங்கே 230. ஒட்டியிருக்கும் தாளில் 100–240 என்று இல்லாவிட்டால் அதை இங்கே செருகவே வேண்டாம், எரிந்துவிடும். இன்னொன்று கடற்காற்று. உருக்குக் கீற்றுள்ள தடத்தை உவர்மலைப் பக்கம் திறந்தபடி வைத்தால் கொஞ்ச நாளில் துரு பிடிக்கும். லேசான துரு என்றால் அழிறப்பரால் தேய்த்தாலே போகும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ரலியில் தொடங்குவோம். அது ‘மறுபடி ஒன்றுசேர்’ என்ற பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது. 1911இல் நடந்த முதல் மொன்டி கார்லோ ரலியில் கார்கள் ஐரோப்பாவின் வெவ்வேறு நகரங்களில் கிளம்பி ஒரே இடத்தில் வந்து கூடின. அந்த அளவில் ‘பேரணி’ பொருந்துவது போலத் தெரியும். ஆனால் பேரணிக் கார் என்றால் கொடியும் ஒலிபெருக்கியும் கட்டிய கார்தான் கண்ணுக்குள் வரும். ரலி என்றே விடலாம், முதியவர்கள் ‘றலி’ சைக்கிளை நினைத்தாலும் பரவாயில்லை.

ஸ்லொட்டுக்குத் ‘துளை’ சரிவராது. துளை ஓரிடத்தில் நிற்பது, இது ஓடிக்கொண்டே போவது. நம் பாடநூல்களில் உள்ள ‘தவாளிப்பு’ பொருளில் மிகச் சரி. ஆனால் தவாளிப்புக் கார் என்று எந்தப் பிள்ளை சொல்லும்? தச்சர்கள் சொல்லும் ‘காடி’ குட்டையானது, நல்ல சொல். ‘காடிக் கார்’ என்று சேர்த்தால்தான் வில்லங்கம், இந்தி தெரிந்தவர் வண்டிக் கார் என்று கேட்டுச் சிரிப்பார்.

எனக்குத் தோன்றுவது ‘சால்’. கந்தளாயிலோ மூதூரிலோ வயல் உழுபவரைக் கேட்டால் தெரியும்: ஏர் போன வழியில் விழும் நீண்ட பள்ளம் சால். அதில் ஓடுவது சாலோடி. நாடோடி, முன்னோடி போல வாய்க்கு வழக்கமான அமைப்பு. சாலோடித் தடம், ரலிச் சாலோடி என்று மேலும் கட்டலாம். பள்ளத்துக்குள் இறங்கி வழிகாட்டும் தகட்டுக்கும் பெயர் தேடி அலைய வேண்டாம். ஏரில் மண்ணுக்குள் இறங்கும் இரும்பு கொழு, இதையும் கொழு என்று சொல்லிவிடலாம். கன்ட்ரோலர் மட்டும் கன்ட்ரோலராகவே இருக்கட்டும்.