கையைச் சுட்ட பாதி மின்சாரம்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து பஸ் பிடித்துக் கஞ்சிக்கோட்டு இரும்பு ஆலைக்கு வேலைக்குப் போன புதிதில், கிரேன் மேலிருந்த ரெசிஸ்டன்ஸ் (மின்தடை) பெட்டியில் தெரியாமல் கையை வைத்துவிட்டேன். "அது அடுப்பு தம்பி, தள்ளி நில்லு" என்றார் எலக்ட்ரீஷியன் அண்ணன். அடுப்பேதான்.

கிரேனில் இருந்தது ஸ்லிப்ரிங் மோட்டார். அதன் சுழலும் பகுதியான ரோட்டாரிலும் மூன்று பேஸுக்குக் காயில் சுற்றி, முனைகளை மூன்று வளையங்களில் சேர்த்து, கார்பன் பிரஷ் வழியாக வெளியே எடுத்து அந்த ரெசிஸ்டன்ஸ் பெட்டியில் சேர்த்திருப்பார்கள்.

50 ஹெர்ட்ஸில் ஓடும் 6 துருவ மோட்டாரில் காந்தப்புலம் நிமிடத்துக்கு 1000 சுற்று சுழலும். ரோட்டார் அதைத் துரத்தும், எட்டிப் பிடிக்காது. பிடித்துவிட்டால் ரோட்டாரில் மின்சாரமே பிறக்காதே! 900 சுற்றில் ஓடினால் ஸ்லிப், அதாவது பின்தங்கும் அளவு, 10 சதவீதம், ரோட்டார் மின்சாரம் 5 ஹெர்ட்ஸ். கணக்கு கறாரானது. காந்தப்புலம் ரோட்டாருக்குத் தரும் திறனில் 90 சதவீதம்தான் சுழற்சியாகும், மீதி 10 ரோட்டார் சர்க்யூட்டில் மின்சாரமாகவே நிற்கும். ரெசிஸ்டன்ஸ் சேர்த்து வேகத்தை 500க்கு இறக்கினால் பாதிக்குப் பாதி. அந்தப் பாதிதான் என் கையைச் சுட்டது.

எலக்ட்ரானிக்ஸ் இதில் முதலில் செய்தது சின்ன வேலை. ரோட்டார் மின்சாரத்தை டயோடுகளால் டிசியாக்கி, ஒரே ஒரு ரெசிஸ்டன்ஸில் விட்டு, அதன் குறுக்கே வேகமாகத் திறந்து மூடும் ஒரு ஸ்விட்சை வைத்தார்கள். மூடியிருக்கும் நேரம் கூடினால் ரெசிஸ்டன்ஸ் குறைந்த மாதிரி, வேகம் ஏறும். ரெசிஸ்டன்ஸைப் படிப்படியாக (நாட்ச்) மாற்றும்போது வரும் குலுக்கல் போயிற்று. அடுப்பு மட்டும் அணையவில்லை.

அப்புறம்தான் கெட்டிக்கார வேலை. ரெசிஸ்டன்ஸைக் கழற்றிவிட்டு, அந்த டிசியைத் தைரிஸ்டர் என்ற எலக்ட்ரானிக் ஸ்விட்சுகளால் ஆன இன்வெர்ட்டரில் 50 ஹெர்ட்ஸ் ஏசியாக்கி, டிரான்ஸ்ஃபார்மர் வழியே லைனுக்கே திருப்பி அனுப்புவது. இன்வெர்ட்டர் ரோட்டாருக்கு எதிரே ஒரு வோல்டேஜை நிறுத்துகிறது. ரோட்டார் வோல்டேஜ் ஸ்லிப்போடு சேர்ந்து ஏறுவது. எனவே எதிர் வோல்டேஜை உயர்த்தினால், அதைத் தாண்டி மின்சாரத்தைத் தள்ளும் அளவுக்கு ஸ்லிப் கூடும்வரை மோட்டார் வேகம் இறங்கும். தைரிஸ்டர்களை எந்தக் கணத்தில் ஆன் செய்வது என்பதே வேகத்தைப் பிடிக்கும் கடிவாளம்.

இதன் அடிப்படை முறைக்குப் பெயர் தந்த ஆர்தர் ஷெர்பியஸ்தான் எனிக்மா ரகசியக் குறியீட்டு இயந்திரத்தையும் உருவாக்கியவர்!

பெரிய பம்பு, ஃபேன் போன்றவற்றுக்கு இது லாபம். வேகத்தைக் கொஞ்சம்தானே குறைக்க வேண்டும், எலக்ட்ரானிக்ஸ் அந்த ஸ்லிப் பங்கை மட்டும் தாங்கினால் போதும். நின்ற நிலையிலிருந்து முழு வேகம்வரை வேண்டிய கிரேனுக்கு அந்தச் சிக்கனம் கிடைக்காது. பவர் ஃபாக்டரும் (லைனிலிருந்து இழுக்கும் மின்சாரம் எவ்வளவு உருப்படியான வேலைக்குப் போகிறது என்ற அளவு) இந்த முறையில் குறையும்.

பெரிய காற்றாலைகள் பலவற்றில் இதே தத்துவம்தான், ஆனால் அங்கே ரோட்டார் மின்சாரம் இரு பக்கமும் போகும்: காற்று குறைந்தால் ரோட்டாருக்கு உள்ளே, காற்று பலமானால் வெளியே. முழுத் திறனில் சுமார் 30 சதவீதம் தாங்கும் கன்வெர்ட்டர் (அந்த எலக்ட்ரானிக்ஸ்) போதும். கார்பன் பிரஷ் தேய்ந்தால் மாற்ற மட்டும் அங்கேயும் ஆள் மேலே ஏறித்தான் ஆகவேண்டும்.